பதினோரு மணி டப்பா

டப்பாவைச் சத்தமில்லாமல் திறக்க சங்கரேஸ்வரி ஒரு மாதமாகப் பழகிக்கொண்டிருந்தாள். நான்கு பக்கமும் கொக்கி வைத்த பிளாஸ்டிக் டப்பா. ஒவ்வொரு கொக்கியையும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, மெதுவாக விடவேண்டும். மூன்று பக்கம் வந்துவிட்டது. நான்காவது 'டக்' என்றது.

"என்னக்கா இன்னைக்கு?" பெலிக்ஸ் நாற்காலியோடு உருண்டு வந்தான்.

"பயறு."

"அண்ணாச்சி, அக்கா பயறு அவிச்சிக் கொண்டாந்திருக்காவ."

உள்ளறையில் வில்லங்கச் சான்றிதழ் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த சங்கரநாராயணன் அண்ணாச்சி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "தேங்கா போட்டிருக்கியாம்மா?"

"கொஞ்சம் போட்டிருக்கேன் அண்ணாச்சி."

"அப்ப கொண்டா."

அவ்வளவுதான், டப்பா கையை விட்டுப் போய்விட்டது. அண்ணாச்சி ஒரு கை, பெலிக்ஸ் ஒரு கை. பத்திரம் பதிய வந்து பெஞ்சில் காத்திருந்த மூன்று பேருக்கு ஆளுக்கு இரண்டு ஸ்பூன். எதையோ கேட்க எட்டிப் பார்த்த பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரருக்கு மிச்சம். திரும்பி வந்தபோது டப்பாவின் அடியில் ஏழு பயறும் ஒரு கறிவேப்பிலையும் இருந்தன. அண்ணாச்சி சும்மா இருப்பவரில்லை. உடனே எதிர்க்கடையிலிருந்து டீயும் ஆமவடையும் வரவழைத்தார்.

"பிள்ள கொண்டாந்தத பூரா நம்மளே தின்னுட்டோம். அவளுக்கு ரெண்டு வடையா வைலே" என்றார்.

வடையிலிருந்து எண்ணெய் காகிதத்தில் இறங்கிப் பரவுவதைச் சங்கரேஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள். பசி காதை அடைத்தது. கை தானாகப் போய் ஒரு வடையை எடுத்தது.

தென்காசியில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திர எழுத்தர்களின் வரிசை ஒன்று உண்டு. அதில் நான்காவது அலுவலகம் சங்கரநாராயணன் அண்ணாச்சியுடையது. சங்கரேஸ்வரி அங்கே ஒன்பது வருடமாகப் பத்திரம் தட்டச்சு செய்கிறாள். அந்த ஒன்பது வருடத்தில் அங்கே யாரும் தனியாக எதையும் தின்று அவள் பார்த்ததில்லை. டப்பாவைத் திறந்தால் நீட்ட வேண்டும். நீட்டினால் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் "என்ன கோவமா?" என்ற கேள்வி வரும். யாரும் பேராசைக்காரர்கள் இல்லை. அண்ணாச்சி வீட்டிலிருந்து முந்திரிக்கொத்து வந்தால் முதல் இரண்டு அவளுக்குத்தான். அதனால்தான் அவளால் எதையும் சொல்ல முடியவில்லை.

சித்திரையில் டாக்டர் கிறிஸ்டி ஒரு எண்ணை வட்டமிட்டுக் காட்டியிருந்தார். ஏழு புள்ளி ஆறு. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி அது.

"இத ஆறரைக்குக் கீழ கொண்டுவாங்க. அதுக்கப்புறம் குழந்தைக்கு முயற்சி பண்ணலாம். இப்ப இருக்கிற அளவுல உண்டானா குழந்தைக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. மாத்திரை தாரேன். ஆனா மாத்திரை மட்டும் பத்தாது." அப்புறம் அவளுடைய ஒரு நாள் சாப்பாட்டை முழுதாகக் கேட்டார். காலையும் ராத்திரியும் பரவாயில்லை என்றார். பேனாவின் முனை பத்து மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் நின்றது. "இங்கதான் எல்லாம் கெடுது. பசியோட இருக்கீங்க, அப்புறம் வடை, பஜ்ஜி, ஸ்வீட். பதினோரு மணிக்கு ஒரு கை, நாலு மணிக்கு ஒரு கை, நல்லதா ஏதாவது வாயில போடுங்க. அவ்வளவுதான் கேக்கேன்."

ஒரு கை. கேட்கும்போது எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தது.

அவள் கணவன் வேல்சாமி ராணுவத்தில் ஹவில்தார். சொந்த ஊர் ராயகிரி. இப்போது ராஜஸ்தானில் இருக்கிறான். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இருவரும் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் முழுதாக ஒரு வருடம் தேறாது. ஆடி பத்தாம் தேதி வாக்கில் முப்பது நாள் விடுப்பில் வருகிறான். "இந்தத் தடவ ஒரு முடிவோடதான் வாரேன் பிள்ள" என்று போனில் சிரித்தான். அவளுக்கு முப்பத்தைந்து நடக்கிறது. "சுகர் எப்படி இருக்கு?" என்று வைகாசியில் கேட்டபோது, பேருந்து நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, "கொறஞ்சிட்டு" என்று சொல்லிவிட்டாள். மறுபடி பார்க்கவே இல்லை. டாக்டர் நிபந்தனை போட்டதையும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து உட்கார்ந்தால் நிற்கவேண்டும் போலவும், நின்றால் உட்காரவேண்டும் போலவும் இருந்தது. காலண்டரைக் கடக்கும்போதெல்லாம் ஆடி பத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று மனது எண்ணியது.

ஆனி பிறந்ததும் நிலைமை மோசமாயிற்று. ஆடியில் யாரும் நிலம் பதியமாட்டார்கள் என்பதால் ஆனி முகூர்த்தங்களில் கூட்டம் அள்ளும். பதிவு முடிந்து வெளியே வரும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஸ்வீட் டப்பா. அல்வா, லட்டு, மைசூர்பாகு. குற்றாலத்து அருவியில் குளித்துவிட்டு அப்படியே வருகிறவர்கள் சூடு ஆறாத நேந்திரம் சிப்ஸும் சேர்த்துக் கொண்டுவருவார்கள். பத்திரம் எழுதியவர்கள் அதை வாயில் போட்டே ஆகவேண்டும். வாங்கினவர் கண் முன்னால் போடவேண்டும். வேண்டாம் என்றால் அவர்கள் முகம் வாடிவிடும். நிலம் வாங்கிய அன்றைக்கு ஒருத்தி இனிப்பை மறுத்தாளே என்று வருடக்கணக்கில் நினைவு வைத்திருப்பார்கள். ஒரு முகூர்த்த நாளில் அவள் ஒன்பது பேருடைய இனிப்பைத் தின்றாள். அன்று சாயங்காலம் வீடு இருக்கும் மேலகரத்தில் பேருந்தை விட்டு இறங்கி, நிறுத்தத்துத் திண்ணையிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

தோதான தின்பண்டத்துக்கு அவள் தேடாத இடமில்லை. பஜாரில் ஆரோக்கியத் தின்பண்டம் என்று பலகை வைத்த கடையில் சிறுதானிய உருண்டை விற்றார்கள். பொட்டலத்தைத் திருப்பிப் படித்தால் இரண்டாவது பெயரே வெல்லம். நான்கு உருண்டை வாங்கும் விலைக்கு வீட்டுக்கு ஒரு வாரக் காய் வாங்கிவிடலாம். பாதாம் பத்து எண்ணிக் கொண்டுபோனாள். "பாதாமா? மிலிட்டரிக்காரர் சம்பளம் ஏறிட்டோ?" என்று பெலிக்ஸ் மூன்றை எடுத்துக்கொண்டான். வெள்ளரிக்காய் தண்ணீர் விட்டது. அண்ணாச்சி எதற்கும் கோபப்படாதவர், முத்திரைத்தாள் மேசையில் ஒரு சொட்டு ஈரமோ எண்ணெயோ பட்டால் மட்டும் குரல் மாறிவிடும். முட்டை நினைக்கவே முடியாது. அண்ணாச்சி சுத்த சைவம், வாசனை வாசலிலேயே தெரிந்துவிடும்.

"ஒருத்தனும் தொடாம இருக்கணும்னா பாவக்கா வத்தல் கொண்டுவாங்க" என்று பெலிக்ஸ் ஒருநாள் தமாஷுக்குச் சொன்னான். அவள் நிஜமாகவே எண்ணெய் இல்லாமல் வறுத்துக் கொண்டுபோனாள். அண்ணாச்சி மதியம் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு, "ஏம்மா, இத நாளைக்கும் கொண்டாயேன்" என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளுக்கு நாவல்பழம் கிடைத்தது. குற்றாலம் ரோட்டில் கூடை வைத்திருந்த பெண் தேக்கிலையில் பொதிந்து கொடுத்து, "சுகருக்கு இதவிட மருந்து கெடையாதும்மா" என்றாள். மருந்தோ என்னவோ, விலை குறைவு, சமைக்க வேண்டாம், டப்பாவும் வேண்டாம். இலைக்குச் சத்தம் கிடையாது. மேசை டிராயரில் வைத்தால் யாருக்கும் தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் டிராயரில் வைத்தாள்.

மறுநாள் புதன்கிழமை, ஆனியின் கடைசி நல்ல முகூர்த்தம். ஆலங்குளத்திலிருந்து வடிவம்மாள் என்றொரு அம்மாள் மகளோடு வந்திருந்தார். மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவர், ஐம்பது வயதிருக்கும். இருபது வருடமாக ஆசைப்பட்ட நாலு சென்ட் அன்றைக்குத்தான் அவர் பேருக்கு வருகிறது. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் கையெழுத்தாகிவிட வேண்டும் என்று வந்ததிலிருந்து நான்கு முறை சொல்லிவிட்டார்.

பத்தரை மணி இருக்கும். அண்ணாச்சி வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். பெலிக்ஸ் அச்சுப்பொறிக்குக் காகிதம் வைத்துக்கொண்டிருந்தான். சங்கரேஸ்வரி குனிந்து, ஏதோ தேடுவதுபோல டிராயருக்குள் கையை விட்டு, ஒரு பழத்தை வாயில் போட்டாள். அப்புறம் ஒன்று. நாலாவதில் பசி கொஞ்சம் அடங்கியது. கொட்டைகளை இலையில் சுற்றி, கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

பத்திரம் அச்சாகி வந்தது. அண்ணாச்சி உள்ளே வந்து, "கொண்டாம்மா, கையெழுத்து வாங்கிருவோம்" என்றார். அவள் தாள்களை எடுத்து அடுக்கி மேசையில் வைத்தாள்.

முதல் முத்திரைத்தாளில், வாங்குபவர் பெயர் இருந்த இடத்தில், 'வடிவம்மாள்' என்ற எழுத்துகளின் மேல் ஒரு பெருவிரல் ரேகை அழுத்தமாக ஊதா நிறத்தில் பதிந்திருந்தது.

"இது என்ன?" என்றார் வடிவம்மாள்.

அண்ணாச்சி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மையா?"

"இது மை இல்ல அண்ணாச்சி, நாவப்பழம்" என்றான் பெலிக்ஸ். "நான் தின்னல. இந்தா பாருங்க." நாக்கை நீட்டிக் காட்டினான்.

"நானும் இல்ல" என்றார் அண்ணாச்சி. அவரும் நாக்கைக் காட்டினார். வெற்றிலைச் சிவப்பு.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். "நான்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்ததே போதுமாக இருந்தது.

"அக்கா, பல்லு வரைக்கும் நீலமா இருக்கு" என்றான் பெலிக்ஸ். சிரிக்க ஆரம்பித்து, அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"ஏம்மா, இருவது வருசமா காத்திருந்து வாங்குதேன், என் பேரு மேலயா கறையப் போட்ட?" வடிவம்மாள் மேசையிலிருந்த பேனாவைத் தள்ளிவிட்டார். "பதியுமுன்னயே கறையா? நான் இதுல கையெழுத்துப் போடமாட்டேன்."

"போடவேண்டாம். வேற தாள் வாங்குதோம்" என்றார் அண்ணாச்சி. "லே பெலிக்ஸ், வண்டிய எடு. ஸ்டாம்ப் வெண்டர்ட்ட இதே மதிப்புக்கு அம்மா பேருக்கு ஒரு தாள். நனையாமக் கொண்டா."

பெலிக்ஸ் ரெயின்கோட்டை மாட்டியபடியே ஓடினான். வெளியே சாரல் சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. மணி பத்து ஐம்பது.

காத்திருந்த அந்த நேரம் போல ஒரு நேரத்தை அவள் பார்த்ததில்லை. வடிவம்மாள் சுவர்க் கடிகாரத்தையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்தார். மகள், "விடும்மா, தாளுதான" என்று சொல்லித் திட்டு வாங்கினாள். அண்ணாச்சி தம் நாற்காலியில் உட்கார்ந்து, தாளைத் தள்ளி வைத்துவிட்டு, சங்கரேஸ்வரியின் டிராயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாளு போனாப் போகுது" என்றார் கடைசியில், மெதுவாக. "நீ ஒளிச்சு வச்சா திங்க? ஒன்பது வருசத்துல நாங்க உனக்கு அப்படி என்ன கொற வச்சோம்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் குரலில் இருந்தது வருத்தம். அவள் உண்மையைச் சொன்னாள்.

"எனக்குச் சுகர் இருக்கு அண்ணாச்சி. ஏழு புள்ளி ஆறு. ஆறரைக்குக் கீழ வந்தாத்தான் பிள்ள பெத்துக்கிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாவ. எங்க வீட்டுக்காரவுக ஆடி பத்துக்கு வாராக. பதினோரு மணிக்கு ஒரு கை ஏதாவது திங்கணும். தெனமும் கொண்டுதான் வாரேன். எனக்கு ஏழு பயறுதான் மிஞ்சுது."

சொல்லி முடித்தபிறகுதான் பெஞ்சில் அறிமுகமில்லாத நான்கு பேர் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. ஜெராக்ஸ் கடைக்காரரும் வாசலில் நின்றிருந்தார்.

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்தார். "அப்ப ரெண்டு மாசமா நான் தின்னது உன் மருந்தயா?"

"பாவக்கா வத்தலும்" என்றாள். அழுகையோடு அதுவும் வந்துவிட்டது.

பதினொன்று இருபத்தைந்துக்கு பெலிக்ஸ் சட்டைக்குள் உறையோடு வந்தான். அவள் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, முழங்கை வரை துடைத்து, மறுபடி அச்செடுத்தாள். தாளை பெலிக்ஸ்தான் எடுத்து அடுக்கினான். அவளைத் தொடவிடவில்லை. பதினொன்று நாற்பதுக்குக் கையெழுத்து, நாற்பத்தைந்துக்கு டோக்கன். எதிர்ப்பக்கம் போய் எல்லாம் முடிந்து வடிவம்மாள் வெளியே வந்தபோது பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருந்தது.

அவர் கையில் அல்வா டப்பா. அண்ணாச்சிக்கு, பெலிக்ஸுக்கு, ஜெராக்ஸ் கடைக்காரருக்கு. கடைசியாக அவள் முன்னால் வந்து நின்றார். சங்கரேஸ்வரி கையை நீட்டினாள். நீட்டாமல் எப்படி இருப்பது, அதுவும் இன்றைக்கு.

வடிவம்மாள் அல்வாவின் ஓரத்தில் நகத்தால் கடுகளவு கிள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தார். "இது போதும். நீ தின்னாச்சு, நான் பாத்தாச்சு" என்றார். இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினார். "பிள்ள பொறந்தா ஆலங்குளத்துக்குத் தூக்கிட்டு வா. கறை போட்ட கைய அப்ப மறந்துக்கிடுதேன்."

அன்று சாயங்காலமே வேல்சாமிக்குச் சொல்லிவிடவேண்டும் என்று முடிவு செய்தாள். பத்திர எழுத்தர் வரிசை முழுக்க விஷயம் பரவியிருக்கும். ராயகிரிக்காரர்கள் இரண்டு பேர் அந்த வரிசையில் இருக்கிறார்கள். வேறு யாராவது சொல்லி அவன் கேள்விப்படக் கூடாது.

"எவ்வளவு?" என்றான், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

"ஏழு புள்ளி ஆறு."

"அப்ப கொறஞ்சிட்டுன்னு சொன்னது?"

"கொறையல. பாக்கவே இல்ல."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள்.

"எதுக்குப் பொய் சொன்ன?"

"உங்க லீவு வீணாப் போயிருமேன்னு."

"நான் லீவுல வாரது உன்னப் பாக்க. நீ என்னமோ நான் ஆஸ்பத்திரிக்கு வாரேன்னு நெனச்சிக்கிட்டிருக்க." கோபமாகத்தான் சொன்னான். அப்புறம் குரல் இறங்கியது. "அந்த நாவப்பழம் கத இருக்குல்லா, அத இன்னொரு மட்டம் சொல்லு. நாக்கக் காட்டுனதுல இருந்து."

சொன்னாள். அவன் சிரித்த சிரிப்பில் அங்கே பக்கத்தில் யாரோ என்ன என்று கேட்டார்கள்.

"சரி, கேளு. டப்பாவ இனி கொண்டுபோவாத. டப்பான்னு தொறந்தாலே அது பந்தி. நாங்க ரோந்து போகும்போது ஆளுக்கு ஒரு பை கடல வச்சிருப்போம், சட்டப் பையில. நடந்துக்கிட்டே திம்போம். ஒரே தட்டுல சாப்பிடுத கூட்டம்தான், ஆனா பக்கத்துல நிக்கவன் பையில எவனும் கைய விடமாட்டான்."

"சேலையில எங்க பை இருக்கு? சுடிதார்லயும் கெடையாது."

"தைக்கச் சொல்லு."

மேலகரத்தில் தையற்கடைக்காரர் சுடிதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போனுக்காம்மா? இல்ல பர்சுக்கா?"

"கடலைக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தோலோடு கொண்டைக்கடலையும் கொஞ்சம் நிலக்கடலையும் வாங்கிவந்தாள். கொண்டைக்கடலையை ஊறவைத்து, துணியில் காயவைத்து, இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் மெல்லிய தீயில் வறுத்தாள். நிலக்கடலையைத் தனியாக வறுத்துச் சேர்த்தாள். கடைசியில் கறிவேப்பிலையும் கொஞ்சம் உப்பும் மிளகும். ஒரு வாரத்துக்கு ஆனது. சிறுதானிய உருண்டை இரண்டின் விலைகூட இல்லை. கையில் ஒட்டவில்லை, காகிதத்தில் படவில்லை. பதினோரு மணிக்கு வலது கை விசைப்பலகையில் இருக்க இடது கை பைக்குள் போய்வந்தது. நான்கு மணிக்கு இன்னொரு தடவை. ரொம்பப் பசித்தால் பேருந்து நிறுத்தத்தில் ஒரு கொய்யா.

ஆனால் அலுவலகம் அவளை விட்டுவிடவில்லை. அண்ணாச்சி ஒரு வாரம் யாருடைய டப்பாவிலும் கை வைக்கவில்லை. ஸ்வீட் வந்தால் அவளுடைய பங்கையும் சேர்த்துத் தாமே தின்றார். "பார்ட்டி மனசு கோணக்கூடாதுல்லா." "இப்படியே போனா அடுத்த ஏழு புள்ளி ஆறு உங்களுக்குத்தான் அண்ணாச்சி" என்றான் பெலிக்ஸ். அவன் தன் பங்குக்குப் போனில் மணி வைத்துக்கொண்டான். பதினோரு மணிக்கு அது அடித்ததும் அறை முழுக்க அவள் பையைப் பார்த்தது. எழுத்தர் வரிசையில் முகம் தெரியாத பெண்கள்கூட நிறுத்தி, "இப்ப எவ்வளவும்மா?" என்று கேட்டார்கள். ஒளித்துத் தின்ற நாட்களே மேல் என்று சில நேரம் தோன்றியது.

ஆடி பிறந்ததும் கூட்டம் ஓய்ந்தது. ஸ்வீட் டப்பாக்களும் நின்றன. பன்னிரண்டாம் தேதி காலையில் வேல்சாமி வந்து இறங்கினான். கறுத்து, மெலிந்து, அதே சிரிப்போடு. அவனுடைய பெட்டியின் மேல்பக்கத்தில் இரண்டு கிலோ வறுத்த கடலை இருந்தது. "ராஜஸ்தான் கடல. உன் பைக்கு."

மூன்றாம் நாள் ரத்தம் கொடுத்தாள். முடிவை வாங்க இருவரும் பைக்கில் போனார்கள். அவன் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து, அவன் சட்டையைக் கசக்கிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் கிறிஸ்டி தாளைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார். "ஆறு புள்ளி எட்டு. மூணு மாசத்துல நல்லா இறங்கியிருக்கு."

"ஆறரைக்குக் கீழ இல்லயே" என்றாள் சங்கரேஸ்வரி.

"இல்ல. இன்னும் ரெண்டு மூணு மாசம் இப்படியே இருங்க. கண்டிப்பா வந்துரும். அதுக்கு முன்னால வேண்டாம்."

இரண்டு மூன்று மாதம். விடுப்பு முப்பது நாள். யாரும் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திரும்பும் வழியில் அவன் வீட்டுக்குத் திரும்பாமல் நேராகக் குற்றாலத்துக்கு விட்டான். ஐந்தருவியில் கூட்டம் குறைவாக இருந்தது. அவள் பெண்கள் பக்கம் போய், பற்கள் கிட்டிக்கும் வரை தண்ணீருக்கு அடியில் நின்றாள். அழுதால் தெரியாத இடம் அதுதான். வெளியே வந்தபோது குளிரிலும் பசியிலும் உடம்பு நடுங்கியது. எதிரே வாணலியில் மிளகாய் பஜ்ஜி பொரிந்துகொண்டிருந்தது. வாசனை வந்து மோதியது. எவ்வளவு கட்டுப்படுத்தி என்ன ஆயிற்று என்று நினைத்தாள். கால் கடைப்பக்கம் திரும்பியது.

வேல்சாமி தலையைத் துவட்டியபடி வந்து நின்றான். தடுக்கவில்லை. "நான் பத்து நாள்ல போயிருதேன்" என்றான்.

அவள் நின்றாள். "என்னது?"

"சுபேதார்ட்ட பேசிட்டேன், நீ குளிக்கும்போது. பாதி லீவ இப்ப எடுத்துக்கிடுதேன். மிச்சத்த ஐப்பசிக்கு வச்சிக்கிடச் சொன்னாரு. அப்ப சரியா இருக்கும்லா, டாக்டர் சொன்னதுக்கு?"

"வந்து நாலு நாள்தான் ஆகுது."

"ஆமா."

"ஒரு மாசம் இருப்பிய, இருப்பியன்னு நான் நாள் எண்ணிக்கிட்டே கெடந்தேன். இப்ப பத்து நாளுங்கிய. நீங்க போங்க, இன்னைக்கே போங்க." தலை முடியிலிருந்து தண்ணீர் சொட்ட, அவள் அவனைப் பார்க்காமல் அருவியைப் பார்த்தாள். "பிள்ள வேணும்னா மட்டும்தான் வீட்டுல இருப்பியளோ?"

"ஏ பிள்ள, இங்க பாரு." அவன் குரலைத் தாழ்த்தினான். "எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா? முப்பது நாளையும் இப்பமே தின்னு தீத்துட்டு, ஐப்பசியில நீ போன் பண்ணி ஆறரைக்குக் கீழ வந்துட்டுன்னு சொன்னா, நான் அங்கன மணல்ல உக்காந்துக்கிட்டு என்ன செய்ய?"

பஜ்ஜிக் கடைக்காரர், "அண்ணே, சூடா ரெண்டு பிளேட் போடவா?" என்று கேட்டார்.

இருவரும் ஒரே நேரத்தில் "வேண்டாம்" என்றார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்தது பிடிக்காமல் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டாள்.

அந்தப் பத்து நாளும் ஓடிய ஓட்டம் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒன்பதாம் நாள் அண்ணாச்சி இருவரையும் பெலிக்ஸையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். பாயசம் வைத்திருந்தார்கள். அவள் இலைக்கு மட்டும் ஒரு கொய்யாவை நறுக்கி வைத்திருந்தார் அண்ணாச்சி. "நானே நறுக்குனேன். யாருக்கும் பங்கு கெடையாது" என்று சொல்லிவிட்டு, பெலிக்ஸ் நீட்டிய கையைத் தட்டிவிட்டார்.

சாயங்கால ரயிலுக்குத் தென்காசி நிலையத்தில் நின்றபோது தூறிக்கொண்டிருந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு அவன் மறுபடி இறங்கி வந்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. மாத்திரை, கேஸ் சிலிண்டர், ராயகிரியில் அவன் அம்மாவுக்குப் போன் செய்வது. அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் நான்கு நிமிடம், இன்னும் மூன்று.

"இன்னைக்கு நாலு மணிக்குத் தின்னியா?" என்று கேட்டான்.

"இல்ல. மறந்துட்டு."

"பெலிக்ஸ் மணி அடிக்கலயா?"

"நான் இன்னைக்கு லீவுல்லா."

அவன் அவளுடைய சுடிதார்ப் பைக்குள் கையை விட்டான். நடைமேடையில் அத்தனை பேர் முன்னால். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அவன் ஒரு பிடி கடலையை எடுத்து, அவள் கையைப் பிடித்து உள்ளங்கையில் கொட்டினான். ஒன்றே ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

"அடுத்தவ பையில கை விடமாட்டோம்னு சொன்னிய."

"நீ அடுத்தவளா?"

விசில் ஊதியது. அவன் ஏறிக்கொண்டான். ரயில் நகர்ந்தபோது அவள் கூடவே பத்து எட்டு நடந்தாள். அவன் ஜன்னலிலிருந்து வாயைக் காட்டி, தின்னு தின்னு என்று கையால் சொல்லிக்கொண்டே போனான். கடைசிப் பெட்டியும் போனபிறகு தண்டவாளத்தில் மழை மட்டும் விழுந்துகொண்டிருந்தது. ஐப்பசிக்கு அறுபத்தெட்டு நாளா, அறுபத்தொன்பதா என்று எண்ண ஆரம்பித்தாள். பாதியில் தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கொண்டு, கையில் இருந்ததை ஒவ்வொன்றாக வாயில் போட்டபடி, மேலகரம் பேருந்தைப் பிடிக்க நடந்தாள்.